குருப்பட்டம் பெறாதவர்கள் கட்டிய சபை

திருநெல்வேலி திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் வெளிநாட்டு மிஷனெரிமாரின் வரிசையிலேயே சொல்லப்பட்டு வருகிறது. ரேனியஸ் காலம், ஜான் தாமஸ் காலம், கால்டுவெல் காலம், சார்ஜென்ட் காலம் என்று பிரித்து எழுதுவது வசதியானது. அவர்கள் விட்டுப்போன கடிதங்களும் அறிக்கைகளும் ஏராளம் என்பதால் எழுதுகிறவர்களுக்கு வேலை எளிது. ஆனால் அந்தக் காலங்களில் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் மாலை ஜெபத்துக்கு மணியடித்தது யார், பிள்ளைகளுக்கு எழுத்தும் ஞானோபதேச வினாவிடையும் சொல்லிக் கொடுத்தது யார், சாவு வீட்டில் ஜெபித்தது யார் என்று கேட்டால் இந்தப் பெயர்கள் எதுவும் வராது. உபதேசியார் என்பதுதான் பதிலாக வரும். குருப்பட்டம் பெறாத, பல நேரம் மீசை முளைத்துச் சில ஆண்டுகளே ஆன ஓர் இளைஞர். வாலிபர் ஊழியம், விசுவாசிகளின் தலைமை என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுகிற விஷயம் தென்தமிழகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்தது. அது தழைத்த இடங்களையும் பட்டுப்போன இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இளைஞர்களைத் தலைவர்கள் ஆக்கியது அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி அல்ல; ஓர் ஊரும் ஒரு பணப்பையும் அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்டதுதான். நம்பிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சம்பளத்தை மட்டும் விட்டுவைத்த இடங்களில் உபதேசியார் வேலைக்காரராகச் சுருங்கினார்.

தொடக்கமே குருமார் இல்லாத தொடக்கம். பாளையங்கோட்டையில் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தாள் ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தவர் என்பதால் முன்பு அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரி இறந்த பிறகே கிடைத்தது. 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர், பல சாதியினர். அங்கே தங்கிய குரு யாரும் கிடையாது. மக்களைச் சேர்த்ததும், பிள்ளைகளின் படிப்புக்கு வழிசெய்ததும், 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தைக் கட்டியதும் இந்தப் பெண்தான். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் அதை இன்றும் சொல்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1790இல், உபதேசியாராக இருந்த சத்தியநாதன் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். சபை முதலில், குருவானவர் பிறகு என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்து அமைப்புகள் எல்லாம் அதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டன.

அடுத்த கட்டம் இன்னும் துணிச்சலானது. சாத்தான்குளம் பக்கத்து இளைஞர் சின்னமுத்து தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகி, தாவீது சுந்தரானந்தம் என்ற பெயரோடு உதவி உபதேசியாராகச் சொந்தச் சீமைக்குத் திரும்பினார். நாடார் சமூகத்திலிருந்து வந்தவர். உறவுக்காரர்கள் வழியாகத்தான் அவர் பேச்சு பரவியது. புதிதாகச் சேர்ந்தவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டபோது, ஐரோப்பியப் படை அதிகாரி ஒருவர் தந்த பணமும் சேர, நிலம் வாங்கி அவர்களைக் குடியமர்த்தினார். 1799இல் உருவான அந்த ஊர்தான் முதலூர். 1802, 1803 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. சுந்தரானந்தம் தடியேந்திய ஆட்களைத் திரட்டிக் காவலுக்கு நிறுத்தினார். பிற்கால வரலாற்றாசிரியர்களுக்கு இது உறுத்தலாகவே இருந்தது. உறுத்த வேண்டியதுதான், சாந்தகுணத்தைப் போதித்தவர் தடிக்காரர்களோடு ஊர் சுற்றுவதை நியாயப்படுத்துவது கடினம். ஆனால் அது மேலிடத்தைக் கேட்டு அனுமதி வாங்கிச் செய்கிற ஒருவரின் காரியமல்ல, ஓர் ஊரின் பாதுகாப்புக்குத் தானே பொறுப்பு என்று நினைத்த ஒருவரின் காரியம். அவர் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டார் என்பது சபை வழக்கு.

அதன் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. என் வாதத்துக்கு அவைதான் முக்கியம். ஐரோப்பாவில் போர், தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஆள் பஞ்சம். ரிங்கல்தௌபே சில காலம் வந்து பார்த்துக்கொண்டதைத் தவிர, திருநெல்வேலியில் நிலையாகத் தங்கிய மிஷனெரி எவரும் இல்லை. 1811ஐ ஒட்டிக் கொள்ளைக் காய்ச்சல் வேறு ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. பலர் பழைய தெய்வங்களுக்குத் திரும்பினார்கள். ஆனாலும் 1816இல் பாளையங்கோட்டைக்கு ராணுவச் சாப்ளினாக வந்த ஜேம்ஸ் ஹஃப் எண்ணிப் பார்த்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் பல ஊர்களில் சிதறி இருந்தார்கள். ஒரு நாட்டுக் குருவும் சில உபதேசியார்மாருமே அவர்களைக் கட்டிக் காத்தவர்கள். வெளியிலிருந்து பணமும் மேற்பார்வையும் ஏறக்குறைய நின்றுபோன காலத்தில் சபை பிழைத்திருக்கிறது என்றால், அதன் நரம்பு எங்கே ஓடியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1820இல் வந்த ரேனியஸ் இதைப் புரிந்துகொண்டவர். தான் எல்லா ஊருக்கும் போக முடியாது, போகவும் தேவையில்லை என்பதிலிருந்து அவர் திட்டம் தொடங்கியது. இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்தார். படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் ஊர்களையும் ஒப்படைத்தார். உபதேசியாரின் அன்றாடம் கடுமையானது. காலையிலும் மாலையிலும் ஜெபம் நடத்த வேண்டும். நடுவில் பள்ளிக்கூடம். பனையேறிகள் மரத்தைவிட்டு இறங்கும் நேரம் பார்த்துப் போய் வினாவிடை கேட்க வேண்டும். வரப்புத் தகராறு, கல்யாணப் பேச்சு, நோயாளி வீடு எல்லாம் அவர் தலையில்தான். மாதம் ஒருமுறை நிலையத்துக்கு நடந்து வந்து, எழுதிவைத்த நாட்குறிப்பை மற்றவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். ஒருவர் ஊரில் நடந்த சண்டையை இன்னொருவர் எப்படித் தீர்த்திருப்பார் என்று அங்கே பேச்சு நடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பாடத்தைவிட இந்த மாதக் கூட்டம் பல மடங்கு கற்றுக்கொடுத்திருக்கும். 1830இல் தொடங்கிய தர்ம சங்கமும் இதே போக்கில் வந்தது. விசுவாசிகளின் காணிக்கையும் சேர்ந்து நிலம் வாங்க, துன்புறுத்தப்பட்ட குடும்பங்கள் குடியேறின. தன் கைக்காசைப் போட்டு வாங்கிய ஊரைத் தன் ஊராக நினைக்க ஒருவருக்குப் பிரசங்கம் தேவையில்லை. அவர் காலத்தில் சபையோர் எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்தது.

1835இல் நடந்த முறிவை இறையியல் சண்டையாகவே பலர் எழுதுகிறார்கள். தன் உபதேசியார்களில் சிலருக்கு, தான் பெற்ற லுத்தரன் முறையிலேயே குருப்பட்டம் கொடுக்க ரேனியஸ் விரும்பினார். ஆங்கிலிக்கன் பேராயரின் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றது சர்ச் மிஷன் சங்கம். இங்கிலாந்துத் திருச்சபையைக் குறைகூறி அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, சங்கம் அவரை விலக்கியது. சாரத்தில் இது யாரை நம்பலாம், அதை யார் முடிவு செய்வது என்ற சண்டை. அதைவிடக் கவனிக்க வேண்டியது பின்னால் நடந்தது. ஆற்காட்டுப் பக்கம் போய்விட்ட ரேனியஸைத் திரும்பி வரும்படி எழுதிக் கூப்பிட்டவர்கள் உபதேசியார்கள். சம்பளம் கொடுக்கும் சங்கம் ஒரு பக்கம், தங்களை ஆளாக்கிய மனிதர் ஒரு பக்கம் என்று வந்தபோது பலர் சம்பளத்தை விட்டார்கள். அவர் 1838இல் இறக்கும்வரை சபை இரண்டாகவே இருந்தது. பிளவு நல்லதல்ல. ஆனால் கூலியாட்களாக மட்டும் இருந்தவர்களால் பிளவுகூட உண்டாக்க முடியாது.

இதற்குப் பின் மிஷன் அமைப்பு பெருத்தது. பங்களாக்கள், போர்டிங் பள்ளிகள், வானளாவிய கோபுரங்கள் எழுந்தன. மெய்ஞ்ஞானபுரத்து ஊசிக்கோபுரத்தின் உயரமே 192 அடி. உபதேசியார்களின் தொகையும் பெருகியது. ஆனால் இடமாற்றம், தண்டனை, சம்பளக் குறைப்பு எல்லாம் மிஷனெரி கையில் குவிந்தன. அந்தக் காலத்து இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நிலையான சம்பளம் எதையும் ஏற்க மறுத்தவர். முப்பது வயதில், 1840இல், கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறி விவசாயமும் ஊழியமுமாக ஒரு சபையை வளர்த்தார். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதல் தெற்கே பரவியபோது, ஆண்களும் பெண்களும் யாரும் நியமிக்காமலேயே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். மிஷனெரிமார் அதைச் சந்தோஷமும் கலக்கமும் கலந்தே பார்த்தார்கள். மற்றவர் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. சாயர்புரத்தில் படித்து நாசரேத்தில் பணிசெய்தவர், கூர்மையான அறிவு. அங்கிருந்த மிஷனெரியோடு மோதி வேலை இழந்தார். நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. 1857இல் பிரகாசபுரத்தில், ஐரோப்பியர் யாரும் இல்லாத, அவர்கள் பணமும் இல்லாத ஒரு சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் என்று அது தனி வழியில் போனது. இவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓர் இளைஞனுக்கு அறிவைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை மறுத்தால் அவன் வெளியே போய்க் கட்டுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் பெற்ற பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் மிஷன் கொடுத்ததிலேயே உயர்ந்த பயிற்சி அது.

மிஷன் பணம் இல்லாவிட்டால் உபதேசியார் சோற்றுக்கு என்ன செய்திருப்பார் என்ற கேள்வி நியாயமானது. பனங்கருப்பட்டியை நம்பிய ஏழைச் சபைகள் முழுநேர ஊழியரைத் தாங்கியிருக்க முடியாது. அருளப்பன்கூட நண்பர்கள் அனுப்பிய உதவியைப் பெற்றவர்தான். நான் சொல்வது சம்பளமே கேடு என்பதல்ல. சம்பளத்துக்குக் கணக்குக் கேட்பது யார் என்பதுதான் விஷயம். ராக்லண்ட் என்ற மிஷனெரி 1854இல் சிவகாசியை மையமாக வைத்து வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர்சுற்றி ஊழியம் தொடங்கியபோது, தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. அவர்களும் சம்பளம் வாங்கியவர்களே. ஆனால் திரும்பி வந்து நடந்ததைச் சொல்ல வேண்டியது சொந்தச் சனத்திடம். அதே ஆண்டுகளில் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலர் ஹென்றி வென் லண்டனில் இருந்துகொண்டு, சுதேசச் சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அதன்படி சபைக் கவுன்சில்கள் பின்னர் அமைந்தன. தாங்குவதை மக்களிடம் விட்டார்கள். கைப்பிடி அரிசியும் சங்கக் காணிக்கையும் தவறாமல் வந்தன. ஆளுவதைக் கைவிட மட்டும் நெடுங்காலம் மனம் வரவில்லை.

அந்தக் கணக்கு 1903இல் நேரானது. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இருபத்தோரு வயதில் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலரானார். சென்னைக்கு 1890இல் வந்து சேர்ந்த ஒய்.எம்.சி.ஏ. மிஷன் பங்களாவுக்கு வெளியே இருந்தது. அதை நடத்துவது குருமார் அல்ல, கூலி வாங்காத உறுப்பினர்களும் அவர்களே அமர்த்திய செயலர்களும். அமெரிக்கரான ஷெர்வுட் எடியும் அசரியாவும் சம வயதுக்காரர்களாகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றினார்கள். மேலதிகாரியாக அல்லாமல் தோழனாக ஒரு வெள்ளைக்காரரோடு பழகும் வாய்ப்பு அன்று மிஷன் வளாகத்துக்குள் கிடைக்காது. 1902இல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்கத்திய தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசில் கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலி அப்படி எதையும் செய்யவில்லை என்பது அவரைச் சுட்டது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் விதி. செயலர் அசரியாவுக்கு வயது 28, குருப்பட்டம் கிடையாது. தேர்ந்தெடுத்த களம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல், தெலுங்கு பேசும் சீமை. 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாகப் போனார். 1905 டிசம்பர் 25ஆம் தேதி செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அமைந்தபோதும் முன்னால் நின்றவர்களில் அசரியா இருந்தார். சேலத்துக்காரரான கே.டி. பால் அதில் உழைத்து, 1916இல் ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியப் பொதுச் செயலரானார். அவர் கடைசிவரை குருப்பட்டம் பெறாதவர்.

அசரியா 1909இல் குருவாகி, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆகிவிட்டாரே, கடைசியில் அங்கிதானே வென்றது என்று கேட்கலாம். அங்கி போட்ட பிறகு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். தோர்ணக்கலில் அவர் கிராமப் பள்ளி ஆசிரியர்களையும் அவர்கள் மனைவிமாரையும் சேர்த்தே பயிற்றுவித்தார். ஊர்ச் சபை அவர்கள் கையிலும் மூப்பர்கள் கையிலும் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவுடன் ஒவ்வொருவரும் தன் கையைத் தன் தலைமேலேயே வைத்துக்கொண்டு, நற்செய்தியைச் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்ற பொருளில் பவுலின் வாக்கைச் சொல்ல வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தினார். எழுதப்படிக்கத் தெரியாத கூலிக்காரருக்கும் அன்றைக்கே ஒரு பொறுப்பு. 1945இல் அவர் இறந்தபோது அந்தத் திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அத்தனை பேரையும் குருமார் மட்டும் சேர்த்திருக்க முடியாது.

சாதியைச் சொல்லி வைக்கப்படும் மறுப்பு இதைவிடக் கனமானது. தலைமை என்று நான் கொண்டாடுவது ஒரே சமூகத்தின் உறவு வலையைத்தான், அந்த வலை இல்லாவிட்டால் சுந்தரானந்தமும் இல்லை, சட்டாம்பிள்ளையும் இல்லை என்பார்கள். பாதியை ஏற்கிறேன். தெற்கத்திச் சபைகளில் பொறுப்பு யாருக்குப் போனது என்று பார்த்தால், எண்ணிக்கையில் சிறிய சமூகங்களுக்கு அது மிகத் தாமதமாகவே போனது. இன்றும் அந்தக் குறை தீர்ந்தபாடில்லை. பெண்களின் நிலையும் அப்படியே. குளோரிந்தாள் தொடங்கிவைத்த சபையில் கைப்பிடி அரிசியைச் சேர்த்தது பெண்கள், அதைச் செலவிடும் கூட்டத்தில் உட்கார்ந்தது ஆண்கள். ஆனால் தோர்ணக்கல் இந்த மறுப்பில் முழுதாக அடங்காது. அங்கே போனவர்களுக்கு உறவும் இல்லை, மொழியும் தெரியாது. வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தார். அவர்கள் குடிசையில் உட்கார்ந்து சாப்பிடாமல் அந்த வேலை ஒருநாளும் நடக்காது. உறவு வலை ஆளையும் பணத்தையும் திரட்ட உதவியது. போகும் தூரத்தைத் தீர்மானிக்கவில்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, சபை மன்றம், சேகர மன்றம், பெருமன்றம் என்று எல்லா மட்டத்திலும் விசுவாசிகளுக்கு இடம் சட்டமாகவே கிடைத்தது. வாலிபர் ஐக்கிய சங்கம் ஒவ்வொரு சேகரத்திலும் உண்டு. கிறிஸ்துமஸ் பஜனை, வேத வினாடிவினா, விளையாட்டுப் போட்டி, பண்டிகை அசனத்தில் பந்தி பரிமாறுதல். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் ஊரும் இல்லை, பணப்பையும் இல்லை. 1950களின் இறுதியில் ஜெபக் குழுக்களாகக் கூடிய இளைஞர்களிடமிருந்து வளர்ந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு சேகர எல்லைக்கு வெளியிலேயே வளர்ந்தது தற்செயலல்ல. ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களுமாகச் சேர்ந்து மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்த பணத்தில் வடக்கே ஆளனுப்பினார்கள்.

விசுவாசிகள் கையில் அதிகாரம் கொடுத்ததன் பலனைத்தான் திருமண்டலத் தேர்தல்களில் பார்க்கிறோமே என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. அணிகள், சுவரொட்டிகள், நீதிமன்ற வழக்குகள், பள்ளிப் பணியிடங்களுக்கு நடக்கும் பேரம் எல்லாம் உண்மை. குருமாரிடமே விட்டிருந்தால் இந்தச் சீரழிவு வந்திருக்காது என்ற முடிவுக்குத்தான் என்னால் வர முடியவில்லை. அந்த அணிகளில் குருமாரும் இல்லாமல் இல்லை. 1903இன் இளைஞர்கள் நிர்வகித்தது தாங்களே வீடுவீடாகத் திரட்டிய காணிக்கை. ஒரு ரூபாய் வீணானாலும் கொடுத்தவர் முகத்தை அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும். இன்று தேர்தலில் போட்டியிடப்படுவது முன்னோர் விட்டுப்போன நிலமும் கல்லூரிகளும், அரசு சம்பளம் தரும் உதவிபெறும் பள்ளிகளின் நியமனங்களும். அவற்றில் போட்டியிடுகிறவர் திரட்டிய காசு ஒன்றுகூட இல்லை. சங்கக் காணிக்கை மட்டுமே திருமண்டலத்தின் சொத்தாக இருந்திருந்தால் இத்தனை வேட்பாளர்கள் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான். இந்திய மிஷனெரி சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஆரம்ப ஆண்டுகளில் யாரும் சுவரொட்டி ஒட்டியிருக்க வாய்ப்பில்லை.